ஹாலில் கொஞ்சம் முன்பாக

நிராகரித்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் ஒரு வெள்ளை பனியன்.

விளக்கேற்றும் பையன் ஒருவன் கூரைக்குக் கூரை தாவி, ஊர் முழுக்க விளக்கேற்றிவிட்டு, இடிந்த பாலத்தைக் கடந்து கோபுர உச்சிக்கு ஓடுகிற பழைய வீடியோ கேம் அது. உலகத்தில் அதை இன்னும் விடாமல் விளையாடிக்கொண்டிருப்பது ஒரு சின்னக் கூட்டம்தான். அவர்களுக்கென்று ஓர் இணையதளம், அதில் யார் மிக வேகமாக முடித்தார்கள் என்று ஒரு வரிசை. அவள் அந்த வரிசையின் முதல் இடத்தை முந்தியிருந்தாள். முந்தியதை, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசி படம் பிடித்திருந்தது. ஆனால் பாலத்தின் கடைசித் தாவலில், திரையின் இடப்பக்கமிருந்து ஒரு வெள்ளை பனியன் உள்ளே வந்தது, நின்றது, நிதானமாக முதுகைச் சொறிந்துகொண்டது, வலப்பக்கமாக வெளியேறியது. அது விலகியபோது பையன் பாலத்தின் அந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தான்.

சரிபார்ப்பவர் பணிவாகத்தான் எழுதியிருந்தார். முக்கியமான இடம் தெரியவில்லை, இனி டிவியைக் கைபேசியில் எடுத்து அனுப்ப வேண்டாம், கேம் ஓடுகிற பெட்டியான கன்சோலிலிருந்து நேரடியாகப் பதிவு செய்து அனுப்புங்கள் என்று. அதற்குக் கீழே வேறு யாரோ, ‘ஒரு பனியன் கிடைத்தால் நானும்கூட முதல் இடம்தான்’ என்று எழுதியிருந்தார். அதற்கு நிறையப் பேர் சிரித்திருந்தார்கள்.

அவள் அந்தச் சிரிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

பனியனின் சொந்தக்காரர் அவளுடைய மாமனார். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஓடுகிற சாலையைப் பார்த்தவருக்கு, டிவியில் பேசுகிற மனிதர்களைவிட ஓடுகிற பையனைப் பிடித்துப்போயிருந்தது. மருமகள் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். நிராகரித்த விஷயம் தெரிந்ததும் அவர் வீடியோவைப் போட்டுக் காட்டச் சொன்னார்.

“இது நானா? பரவாயில்லையே, முதுகு இன்னும் நேராத்தான் இருக்கு.”

“மாமா, உங்க முதுகாலதான் என் பேரு போச்சு.”

“சரிம்மா, இன்னொரு தடவை தாண்டிட்டா ஆச்சு. ஒரு தடவை தாண்டினவளுக்கு என்ன?”

அதுதான் அவளுடைய கவலையும். ஒரு தடவை. அந்தக் கடைசித் தாவலை அவளே பார்க்கவில்லை. பனியன் மறைத்திருந்த அந்தக் கணத்தில் விரல் எதையோ அழுத்தியது, அவ்வளவுதான் தெரியும். அது தன் கைதானா, இல்லை குருட்டு அதிர்ஷ்டமா?

கன்சோல் தானாகவே பதிவு செய்யும்தான், ஆனால் கடைசியில் நடந்த துண்டு துணுக்கை மட்டும். முழு ஓட்டத்துக்கு கேப்ச்சர் கார்டு வேண்டும். கன்சோலிலிருந்து வரும் படத்தை வாங்கி, கணினிக்குக் கொடுக்கிற சின்னப் பெட்டி. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவள் கணவன் தன் தலையில் போட்டுக்கொண்டான். அவன் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன். மருந்து அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பது தொழில் என்பதால் உலகத்தில் எதை வாங்கினாலும் அப்படித்தான் படிப்பான். ஒரு மின்விசிறி வாங்குவதற்குள் ஒரு கோடைக்காலம் முடிந்துபோன வீடு அது.

“டெஸ்க்டாப்புக்குள்ள சொருகுற கார்டு நமக்கு ஆகாது, நம்மகிட்ட இருக்கிறது லேப்டாப்,” என்று இரவுச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தான். “வெளிய வைக்கிற பெட்டிதான் சரி. அதுல கட்டைவிரல் சைஸ்ல ஒண்ணு வருது. அதுல படம் உள்ள போற ஓட்டை மட்டும்தான் இருக்கு, வெளிய வர்ற ஓட்டை இல்ல.”

“வெளிய வர்ற ஓட்டை எதுக்கு?”

“டிவிக்குப் படம் அனுப்ப. அது இல்லைன்னா அப்பா என்னத்தைப் பார்ப்பாரு?”

“எனக்காகப் பார்க்காதடா,” என்றார் மாமனார், காதைத் தீட்டிக்கொண்டே.

மின்னணுச் சாமான் கடையில் மூன்று பெட்டிகளைக் கண்ணாடி மேசை மேல் வரிசையாக வைத்தார்கள். கடைக்காரப் பெண் தலைமுடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருந்தாள். ஒரே விஷயத்தைப் பலமுறை விளக்கிய சலிப்பு குரலில் இருந்தாலும் தெளிவாகப் பேசினாள். பெரிய பெட்டி, நிறம் மாறி மாறி விளக்கு எரிவது, உங்கள் பழைய கன்சோல் கொடுக்காத துல்லியத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். யானைக்குத் தைத்த சட்டை, வேண்டாம். சின்னது அவசரத்துக்குத்தான். நடுவில் இருப்பது போதும்.

“விளையாடும்போது எதைப் பார்த்து விளையாடுவீங்க? டிவியா, லேப்டாப்பா?” என்று கேட்டாள்.

இவள் வாயைத் திறப்பதற்குள் கணவன், “எதுன்னா என்னங்க, இதுலயே போட்டிருக்கே,” என்று பெட்டியின் முகப்பைத் திருப்பிக் காட்டினான். கொட்டை எழுத்தில் ‘தாமதம்: பூஜ்யம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அதன் தலையில் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு நட்சத்திரக் குறி. கடைக்காரப் பெண் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் வேறொருவர் சார்ஜர் எரிந்துபோனதென்று சத்தம் போட, அந்தப் பக்கம் போய்விட்டாள்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் கம்பி இழுக்கும் வேலை நடந்தது. கணவனிடம் ஒரு திட்டம் இருந்தது. ஹாலில் வைத்தால்தானே குறுக்கே ஆள் நடக்கும்? கன்சோல், கார்டு, லேப்டாப் எல்லாவற்றையும் படுக்கையறை மேசைக்கு மாற்றிவிட்டான். அவள் அங்கே கதவைச் சாத்தாமல் உட்கார்ந்து, லேப்டாப் திரையைப் பார்த்து விளையாடுவாள். கார்டிலிருந்து ஒரு நீளமான கம்பி கதவிடுக்கு வழியாக, சுவரோரமாக ஹால் டிவிக்குப் போகும். மாமனார் அங்கே தன் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம், பனியனைக் கழற்றலாம், போடலாம், யாருக்கும் தொந்தரவில்லை.

முதலில் லேப்டாப்பில் எதுவுமே வரவில்லை. கன்னங்கரேலென்று இருந்தது. கார்டு கெட்டது, திருப்பிக் கொடுக்கலாம் என்று கணவன் பெட்டியை மறுபடி மடிக்கத் தொடங்கிவிட்டான். அவள்தான் தேடிப் படித்துவிட்டு, கன்சோலின் அமைப்புகளுக்குள் போய், படத்தை வெளியே எடுக்க விடாமல் தடுக்கும் பூட்டைத் திறந்தாள். கூரைகளும் நிலவும் பையனும் சட்டென்று திரையில் வந்தார்கள். ஹாலிலிருந்து மாமனார், “வந்துட்டான், வந்துட்டான்!” என்று குரல் கொடுத்தார். பேருந்து நிலையத்துக்குள் கடைசி வண்டி நுழைவதைப் பார்த்தவர் மாதிரி இருந்தது.

அன்று அவள் மூன்றாவது கூரையிலேயே விழுந்தாள்.

தூக்கிவாரிப்போட்டது. கண்ணை மூடிக்கொண்டு தாவுகிற கூரை அது. மறுபடி ஓடினாள், மறுபடி விழுந்தாள். பையன் தண்ணீருக்குள் நடப்பவன் மாதிரி இருந்தான். அவள் சொல்வது அவன் காதில் விழுகிறது, ஆனால் யோசித்துவிட்டுத்தான் செய்கிறான்.

“ஏங்க, இது கொஞ்சம் இழுக்குற மாதிரி இல்ல?”

“தாமதம் பூஜ்யம்னு போட்டிருக்கான், அணிலு. நீ விளையாடி ரெண்டு வாரம் ஆச்சு. கை மறந்திருக்கும்.”

அணில் என்பது அவன் வைத்த செல்லப் பெயர். மற்ற நாட்களில் அவளுக்குப் பிடிக்கும். அன்று பிடிக்கவில்லை.

அதைவிட மோசம் ஹாலிலிருந்து வந்த குரல். பையன் கூரை மேல் ஓடிக்கொண்டிருப்பான், எல்லாம் சரியாகப் போவது போலவே இருக்கும். திடீரென்று மாமனார், “போச்சு!” என்பார். அவர் சொன்ன பிறகுதான் பையனின் கால் விளிம்பைத் தவறவிடும். அவள் நன்றாகக் கவனித்தாள். ஒருமுறை இருமுறை அல்ல. “ஐயோ!” என்று முதலில் ஹாலில் கேட்கும், பிறகுதான் இங்கே விழுவான். அவர் சொல்வதற்காகவே காத்திருந்து விழுகிற மாதிரி.

புதன்கிழமை மாலை அவள் பொறுமை அறுந்தது. கன்ட்ரோலரை மேசையில் போட்டுவிட்டுக் கதவருகே வந்து நின்றாள்.

“மாமா, தப்பா நினைக்காதீங்க. நீங்க ‘போச்சு’ன்னு சொன்னதும்தான் போகுது.”

“நானா தள்ளிவிடுறேன்?”

“சொல்லாம பாருங்களேன், போதும்.”

“அப்பா, உங்களுக்குக் கரிநாக்கு,” என்றான் கணவன் உள்ளேயிருந்து, சமாதானப்படுத்துகிற நினைப்பில். “போன வாரம் பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க்கைப் பார்த்து ‘இது ஒழுகப் போகுது’ன்னீங்க, அன்னைக்கே ஒழுகிச்சு.”

“அது ஏற்கெனவே ஒழுகிக்கிட்டு இருந்துச்சுடா!”

அதன் பிறகு அவர் பேசவில்லை. டிவி ஓடியது, அவர் நாற்காலியில் இருந்தார், ஆனால் ஹால் காலியாக இருப்பது போல இருந்தது. விழுகிற இடத்தில் மட்டும் நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. வாயைக் கட்டிப்போட்டாலும், இல்லாத பிரேக்கை மிதிக்கும் காலை அவரால் கட்டிப்போட முடியவில்லை. அந்தக் கிரீச்சும் முன்னதாகவே வந்தது.

அவள் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறாள். மெழுகில் பல் செதுக்குகிற வேலை. ஒரு மயிரிழை கூடினால் யாரோ ஒருவருக்குச் சோறு மெல்ல முடியாமல் போகும். அந்த வாரம் அவள் செதுக்கிய கடைவாய்ப்பல்லைக் கூட வேலை செய்கிற அக்கா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அக்கா, என் கை நடுங்குதா பாருங்க.”

“உன் கைக்கு என்ன கேடு? பல்லு பிறந்த மாதிரி இருக்கு. யாருடி உன் கையைக் கண்ணு வச்சது?”

கைக்கு ஒன்றுமில்லை என்பது ஆறுதலாக இல்லை. அப்படியானால் அன்று தாண்டியது அதிர்ஷ்டம்தான். அந்தச் சிரித்தவர்கள் சொன்னது சரி. ஒரு பனியன் கிடைத்ததால் கிடைத்த முதல் இடம். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மெழுகு அடுப்பின் மேல் உருகி, ஒரு சின்ன ஏரி மாதிரி பளபளத்தது.

அந்த நாட்களில் அவளுக்கே தெரியாமல் ஒன்று நடந்தது. விரல் சீக்கிரமே அழுத்தப் பழகிக்கொண்டது. கூரையின் விளிம்புக்குக் கால் வருவதற்கு முன்பே அழுத்தினால் பையன் தாவினான். எப்படியோ பாலம் வரைக்கும் போகத் தொடங்கினாள். ஆனால் நேரம் முதல் இடத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தாகமெடுத்தது. பையனை ஒரு கூரை மேல் நிறுத்திவிட்டு, கன்ட்ரோலரைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஹாலைக் கடந்து சமையலறைக்குப் போனாள். கம்பியில்லாத கன்ட்ரோலர். திரும்பி வரும்போது மாமனார் டிவியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உதடுகள் இறுக்கி மூடியிருந்தன. பாவமாக இருந்தது. ஏதாவது பேச வேண்டுமென்று, “என்ன மாமா, நின்னுட்டிருக்கிறதைக்கூடப் பார்க்கிறீங்களா?” என்றாள். பேச்சுவாக்கில் விரல் தாவும் பொத்தானை அழுத்தியது.

டிவியில் பையன் தாவினான்.

அவள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். மறுபடி அழுத்தினாள். தாவினான். விரல் இறங்கியதும் அவன் ஏறினான், நடுவில் ஒன்றுமே இல்லை. விரலும் பையனும் ஒரே உடம்பு போல. எத்தனை நாளாகிவிட்டது இவனைப் பார்த்து!

“ஏங்க! இங்க வாங்க. இல்லை, வராதீங்க, அங்கேயே லேப்டாப்பைப் பாருங்க. நான் ‘இப்போ’ன்னு சொன்னதும் அங்க தாவுறானா பாருங்க.”

“சரி.”

“இப்போ!”

படுக்கையறையில் சின்ன மௌனம். பிறகு, “ம், தாவிட்டான்,” என்ற குரல்.

“இப்போ!”

மௌனம். “தாவிட்டான்.”

“அந்த ‘ம்’முக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தான்?”

கணவன் பெட்டியைத் தேடி எடுக்கும் அட்டைச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவன் வாசற்படியில் வந்து நின்றான், பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. அடிப்பக்கத்தில், விலைச்சீட்டுக்குக் கீழே, எறும்பு வரிசை மாதிரி ஓர் எழுத்து. தலையில் அதே நட்சத்திரக் குறி.

“தாமதம் பூஜ்யம்கிறது டிவிக்குப் போற ஓட்டைக்கு மட்டும்தானாம்,” என்றான். குரல் ரொம்பச் சன்னமாக இருந்தது. “லேப்டாப்புக்குப் படம் சுருங்கிப் போய், அங்க விரிஞ்சுதான் வருமாம். கொஞ்சம் லேட்டாகுமாம். லேப்டாப்பைப் பார்த்து விளையாட வேண்டாம்னு போட்டிருக்கான்.”

“மருந்துக்கடைக்காரரே,” என்றாள் அவள், “இத்தனை நாளா ஊருக்கெல்லாம் சரியான மாத்திரைதான் குடுத்தீங்களா?”

மாமனார் நாற்காலியில் மெல்லத் திரும்பினார். எல்லாம் அவருக்குப் புரிந்திருக்கவில்லை, புரிய வேண்டியது புரிந்திருந்தது.

“அப்போ நான் பார்த்ததுதான் முதல்ல?”

“ஆமா மாமா. உங்களுக்கு நடந்துபோனதுதான் எனக்கு அப்புறமா வந்துருக்கு. அவன் விழுந்ததைப் பார்த்துட்டுத்தான் நீங்க சொல்லிருக்கீங்க. நான்தான்…”

“கரிநாக்குன்னீங்க.”

“அது உங்க பையன் சொன்னது.”

“நீ மறுத்துப் பேசலையே.”

அவள் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். “தப்புதான் மாமா. இனிமே நான் இங்கதான் விளையாடப் போறேன். நீங்க வாயைத் திறந்து சொல்லணும்.”

“நான் எதுக்கும்மா சொல்லணும், உனக்கு எதுக்கு வம்பு,” என்று முறுக்கிக்கொண்டார். ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.

கார்டு படுக்கையறையிலேயே இருந்தது. லேப்டாப் அங்கே தன்பாட்டுக்குப் பதிவு செய்துகொள்ளட்டும், தாமதமாக வந்தாலும் பதிவுக்கு ஒன்றும் குறையில்லை. அவள் டிவியைப் பார்த்து விளையாடினாள். முதல் நாள் அவமானமாக இருந்தது. விரல் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டது. விளிம்பு வரும் முன்பே பையன் அந்தரத்தில் தாவி, அந்தரத்திலேயே காணாமல் போனான். தாமதமான படத்துக்குப் பழகிய கை, சரியான படத்தில் விழுந்தது. மாமனார் முதலில் தொண்டையை மட்டும் செருமினார். பிறகு, “அவசரம்,” என்றார். பிறகு அடக்க முடியாமல், “என்ன அவசரம், சிக்னல் விழட்டும்! இப்போ எடு!” என்றார். பேருந்தை எடுக்கச் சொல்வது போல. அவர் ‘எடு’ சொன்ன நேரம் சரியாகத்தான் இருந்தது. வளைவுக்கு முன்னால் எங்கே பிரேக் மிதிப்பது என்று தெரிந்த காலுக்கு, பலகையின் விளிம்பும் தெரிந்திருந்தது. விரல் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது.

ஒரு வாரம் கழித்து, ஞாயிறு காலை, கணவன் மருந்துக் கடைக்குக் கிளம்பும் முன் பதிவை ஓடவிட்டுவிட்டுப் போனான். அவள் விளையாடத் தொடங்கினாள். கூரைகள் காலடியில் ஓடின. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மாமனார் எழுந்து நின்றுவிட்டார். பாலம் வந்தது. பலகைகள் பின்னால் உதிர்ந்துகொண்டே வந்தன. கடைசி இடைவெளி, அன்று பனியன் மறைத்த அதே இடம். இன்று எதுவும் மறைக்கவில்லை. பலகையின் விளிம்பு, அதில் பையனின் ஒற்றைக் கால், கீழே கறுப்பு. எல்லாவற்றையும் அவள் பார்த்தாள்.

“எடு!”

அவர் கத்தியதும் அவள் அழுத்தியதும் ஒன்றாக நடந்தன. அவர் சொல்லியிருக்காவிட்டாலும் அப்போதுதான் அழுத்தியிருப்பாள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கோபுரத்தில் விளக்கு எரிந்தபோது திரையில் வந்த நேரம், முன்பு கைபேசியில் பதிந்ததைவிடவும் கொஞ்சம் குறைவு. மாமனார் மூச்சிரைக்க உட்கார்ந்தார். “அப்பாடா! வண்டியை டிப்போல விட்டாச்சு,” என்றார்.

சாயங்காலம் கணவன் வந்ததும் மூவரும் லேப்டாப் முன்னால் கூடிப் பதிவைப் பார்த்தார்கள். படம் பளிங்கு மாதிரி இருந்தது. குறுக்கே யாரும் இல்லை. மாமனார் பாலம் வருகிற வரை கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

“இந்தத் தடவை நான் எங்கயுமே வரலையே?”

“கன்சோல்ல இருந்து நேரா வர்ற படம் மாமா, இதுல வீடு தெரியாது.”

“ஓ,” என்றார். குரல் இறங்கிவிட்டது.

அப்போதுதான் பாலத்தில் அது கேட்டது. தூரத்தில், வேறோர் அறையிலிருந்து வருகிற மாதிரி: “எடு!” அதன் பிறகுதான் பையன் விளிம்புக்கு வந்து தாவினான்.

கணவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். “லேப்டாப் மைக்கை ஆஃப் பண்ண மறந்துட்டேன். மைக்குக்குத் தாமதம் கிடையாது, படத்துக்கு மட்டும்தான். அதான் அப்பா குரல் முன்னாடியே வருது.”

மாமனாரின் முகம் மலர்ந்துபோனது. “மறுபடி போடு.”

ஒலியைக் கூட்டி மறுபடி போட்டார்கள். இப்போது முதல் கூரையிலிருந்தே, ஒவ்வொரு தாவலிலும் அவர் முன்கூட்டியே சொன்னார், பையன் பிறகு கேட்டு நடந்தான்.

“மைக் ஒலியைக் கொஞ்சம் தள்ளி வச்சு சரிபண்ணிடறேன். இல்ல, எடுத்தே விட்டுடலாமா?” என்றான் கணவன்.

“கையை வைக்காதீங்க. அப்படியே போகட்டும்,” என்றாள்.

சரிபார்ப்பவரின் பதில் வாரத்தின் நடுவில் வந்தது. லேபில் கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தாள். ஏற்றுக்கொள்ளப்பட்டது, முதல் இடம், வாழ்த்துகள். கூடவே ஒரு கேள்வி, வெறும் ஆவலால் கேட்பதாக எழுதியிருந்தார்: பின்னணியில், எல்லாம் நடப்பதற்குக் கொஞ்சம் முன்னால் குரல் கொடுக்கிறாரே, அவர் யார்?

கார்டைப் பற்றியும் மைக்கைப் பற்றியும் எழுத ஆரம்பித்து, அழித்தாள். பிறகு எழுதினாள்: ‘என் மாமனார். போன தடவை பனியனில் வந்தவர்.’